கம்பளிக்குள் ஒரு டாக்டர்

பட்டப்பகலில், அதுவும் சித்திரை வெயிலில், ஆளைக் குலைநடுங்க வைத்த டாக்டர் மரக்காணம் வட்டாரத்திலேயே ஒருவர்தான். கம்பளி டாக்டர். 2005-ல் உப்பளத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவரிடம் நான் நர்ஸாக இருந்தேன். பேருக்குத்தான் நர்ஸ், பாதி நேரம் கம்பளி பிடிப்பதுதான் வேலை.

விஷயம் இதுதான். யாரோ தானமாகக் கொடுத்த, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஸ்கேன் மிஷின் அவரிடம் இருந்தது. அடிபட்டு வருகிறவர்களின் வயிற்றில் வைத்துப் பார்ப்பார். உள்ளே ரத்தம் கசிந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. அந்த வெளிச்சத்தில் திரையில் ஒரு மண்ணும் தெரியாது. அதனால் மிஷின், நோயாளி, தான் என்று மூன்றையும் ஒரு கம்பளியால் மூடிக்கொள்வார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"யாருப்பா உள்ளே? ஒளிஞ்சிக்காத. வந்துடு."

அதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர் கால் கட்டோடு எழுந்து ஓடியிருக்கிறார். இன்னொரு நாள், இவர் பேயோட்டுவார் என்று நம்பி, பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணையே எலுமிச்சம்பழத்தோடு கூட்டி வந்துவிட்டார்கள். டாக்டர் அவளுக்கு ரத்தசோகை மாத்திரை கொடுத்தார். பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்தார்.

ஏழுமலை வரும்வரை எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

உப்பு மூட்டை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து அவன் இடுப்பு நசுங்கியிருந்தது. தலை முதல் கால் வரை உப்பு படிந்து வெள்ளையாகக் கிடந்தான். டாக்டர் முதலில் பெட்ஷீட்டை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு கம்பளிக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் முகமும் வெளுத்திருந்தது.

"படம் சுத்தமா இருக்குது சிஸ்டர். எங்கியுமே கறுப்பு இல்ல. அதான் பயமா இருக்குது."

ஏழுமலையின் மனைவி செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒண்ணும் இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுறோங்க. எலும்புக்கு எங்க ஊர்லயே கட்டு போடுறவரு இருக்காரு." வாசலில் ஆட்டோ கூட வந்துவிட்டது.

"தொடாதம்மா! இடுப்பு ஒடஞ்சா ரத்தம் வயித்துக்குப் பின்னாடி போய்த் தேங்கும். இந்த மிஷினுக்கு அது தெரியாது. நாடி ஓடுற ஓட்டத்தப் பாரு. ஆட்டோவுல தூக்கி உக்கார வச்சீன்னா வீடு போய்ச் சேர மாட்டான்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வேனில் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பேச்சு.

"இன்னும் வரலியா? வராத. அங்கியே இரு."

"சிஸ்டர், அவரு யார்கிட்ட பேசறாரு?" டிரைவர் பாதி திரும்பினார்.

"திரும்பிப் பாக்காம ஓட்டுங்கண்ணே" என்றேன். உள்ளே கசியும் ரத்தத்திடம்தான் பேசுகிறார் என்று தெரிந்தும் எனக்கே உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது. கோட்டக்குப்பம் தாண்டியும் பேச்சு நிற்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினார். "வயித்தத் திறக்க வேணாம் சார்! வண்டியிலயும் மூணு தடவ பாத்துட்டேன், சுத்தம். ரத்தம் ஏத்துங்க. இடுப்பப் பாருங்க!"

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்து, "பொழச்சிக்குவாரு" என்றார். சரியான இடத்தில் கை வைத்ததால்தான் ஆள் மிஞ்சினார் என்றும் சொன்னார். செல்வி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நம்ம டாக்டர் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் கையப் பிடிச்சிக்கிறீங்களா? நடுக்கம் நிக்க மாட்டேங்குது."

பிடித்துக்கொண்டேன். நடுக்கம் நின்ற பிறகும் எனக்கு விட மனசு வரவில்லை.