பொத்தியார் காத்த பொதுக் கம்ப்யூட்டர்

எல்லோருக்குமான பொருளை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. நான் அவர்களுக்குப் பொத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். பொத்திப் பொத்தி வைப்பதால் பொத்தியார். உங்கள் அலுவலகத்தில் புது பிரின்டரைப் போர்வை போட்டு மூடிவிட்டு, பழைய பிரின்டரோடு உங்களை மல்லுக்கட்டச் சொல்கிறாரே, அவர்தான். நூலகத்தில் புத்தகம் கேட்டால் முதலில் உங்கள் விரல் நகத்தைப் பார்க்கிறாரே, அவரும் இவருக்குப் பங்காளிதான். திருடர் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியும் இல்லை. ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார், ஒரு துரும்பைக்கூடத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார், வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிவிடுவார். அவர் செய்யும் ஒரே குற்றம் அதுதான்.

நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளியில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் உண்டு. எங்கள் கம்ப்யூட்டர் சார். போன வருடம் கல்வி அலுவலகம் எங்களுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டரும், தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்தைக் காட்டும் ஆறு ஹெட்செட்டுகளும் அனுப்பியது. எரிமலைக்குள் இறங்கலாம், நிலவில் நடக்கலாம், மனித இதயத்துக்குள் புகுந்து வால்வு வழியாக வெளியே வரலாம். எல்லா வகுப்புகளும் முறை வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய சாமான் அறையைக் காலி செய்து, சுவரில் சென்சார்களைப் பொருத்தி, ஆறு வயர்களும் பிள்ளைகள் காலில் தட்டாதபடி கூரையில் கப்பி போட்டுத் தொங்கவிட்டு, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஆளுக்கொரு கட்டம் பிரித்து, மூன்று மாதம் தனி ஆளாக நின்று அதைக் கட்டியவர் இந்த மனிதர்தான். ஏணியும் ஸ்குரூ டிரைவருமாக அவர் அலைந்ததைப் பார்த்து எங்களுக்கே பாவமாக இருந்தது. கட்டி முடித்தார். பூட்டினார்.

முதலில் கதவில் 'தொடாதீர்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு 'கதவில் சாயாதீர்'. அதற்கும் பிறகு 'அறிவிப்பைத் தொடாதீர்'. அறையைப் பயன்படுத்த விண்ணப்பம் தர வேண்டும். விண்ணப்பப் படிவமோ பூட்டிய அறைக்குள் மேசைமேல் இருந்தது. எப்படி எடுப்பதாம்? கேட்டால் கோபித்துக்கொள்வார். கை கழுவிவிட்டு வர வேண்டும். கழுவிவிட்டு வந்தால் ஈரக் கை மெஷினுக்கு ஆகாது. துடைத்துக்கொண்டு வந்தால் துண்டின் நூல் ஒட்டியிருக்கும். தலையில் எண்ணெய் இருந்தால் கூடாது. எண்ணெய் இல்லாவிட்டால் பொடுகு கொட்டும். மொட்டைத் தலையோடு போய் நின்ற எங்கள் விளையாட்டு வாத்தியாரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து யோசித்துவிட்டு, "உங்களுக்கு வேர்க்குமே சார்" என்றார்.

பள்ளி ஆண்டு விழாவில் அவர் மனைவியைச் சந்தித்தேன். உங்கள் வீட்டுக்காரர் ரொம்பப் பொறுப்பானவர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லி வைத்தேன். அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். வீட்டில் பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஓர் உறையாம், அந்த உறை அழுக்காகாமலிருக்க மேலே இன்னோர் உறையாம், சோபாவின் பாலிதீனை ஏழு வருடமாகப் பிரிக்கவில்லையாம், உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போடுவதால் எல்லோரும் சோபாவுக்கு எதிரே தரையில் உட்காருகிறார்களாம். "கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இன்னும் போடலை சார்" என்றார். சற்றுப் பொறுத்து, "கல்யாணத்தன்னிக்கும் போடலை" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தார் எங்கள் உயிரியல் டீச்சர். பதினோரு வருடமாக அவர் கரும்பலகையில் இதயம் வரைகிறார். பாவம், அவருக்கு வரைய வராது. எங்கே தொடங்கினாலும் அது கத்திரிக்காயில்தான் போய் முடியும். நாற்பது பிள்ளைகளும் அந்தக் கத்திரிக்காயைக் காம்பு உட்பட அப்படியே தேர்வில் வரைந்துவிட்டு வருவார்கள். இந்த வருடமாவது தன் பிள்ளைகள் இதயம் என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. வாரா வாரம் போய்க் கேட்பார். இப்போதுதானே மாட்டியிருக்கிறேன், கொஞ்சம் செட் ஆகட்டும் என்பார் பொத்தியார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "இப்பதான் செட் ஆகியிருக்கு, கலைச்சிடாதீங்க டீச்சர்" என்பார். என்ன செய்வது இந்த மனிதரை?

அப்போதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி ஒருவர் வருவார். உயிரியல் வகுப்புப் பிள்ளைகள் ஹெட்செட்டுகளைப் பயன்படுத்துவதை நேரில் பார்ப்பார். பயன்படவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார். டீச்சர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். பொத்தியாரோ இடிந்தே போய்விட்டார். வேறு பள்ளி என்றால் அங்கே பிள்ளைகள் தொடுவார்களே!

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை மதியம் ஓர் ஒத்திகைக்குச் சம்மதித்தார். டீச்சர் வகுப்பில் இருந்ததால் நாங்கள் மூன்று பேர் போனோம். குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை எங்கள் தலையில் மாட்டி, அதன்மேல் ஹெட்செட்டை மாட்டினார். முதலில் தலைமையாசிரியை. எதிரே கம்ப்யூட்டர் திரையில் இதயம் செக்கச்செவேலென்று துடிக்கிறது. அவர் உள்ளே பார்ப்பதும் அதுவேதான் என்று பொத்தியார் விளக்கினார். தலைமையாசிரியை தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், சற்றுத் தயங்கினார், பிறகு "ரொம்பத் தத்ரூபமா இருக்கு" என்றார். விளையாட்டு வாத்தியாரும் தத்ரூபம் என்றார். அடுத்து நான் மாட்டினேன். ஐயோ! பால் டம்ளருக்குள் முகத்தை விட்டதுபோல ஒரே வெள்ளை. அதற்குள் எங்கேயோ சிவப்பாக என்னவோ அசைகிறது. திரையில் தெரிகிறது, மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே? எனக்கோ ஐம்பத்திரண்டு வயது. நானும் தத்ரூபம் என்று சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் நேரே கண் டாக்டரிடம் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் விளையாட்டு வாத்தியார். மூன்று பேருமே சும்மாதான் வந்திருந்தோம். மூன்று பேருக்கும் கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். டாக்டர் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நாற்பது பிள்ளைகளும் கை கழுவி, துடைத்து, துடைத்த நூலையும் தட்டிவிட்டு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற பெண்ணின் தலையில் ஹெட்செட் ஏறியது. என்ன தெரிகிறது என்று கேட்டார் அதிகாரி. வெள்ளையாக இருக்கிறது என்றாள் அவள். இரண்டாவது பிள்ளையும் அதையே சொன்னது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் வெள்ளை. பிள்ளைகளுக்கு வயதாகவில்லையே, மறைப்பதற்கு அவர்களுக்கு என்ன இருக்கிறது? பொத்தியார் வயரைப் பிடுங்கி மாட்டினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், சென்சாரைத் துடைத்தார். திரையில் இதயம் ஜோராகத் துடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி போனை எடுத்து வண்டியை உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

உயிரியல் டீச்சர் ஹெட்செட்டை வாங்கினார். மைக்ராஸ்கோப் துடைத்துப் பழகிய கை அல்லவா, அப்படியே திருப்பி லென்ஸின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தது.

"சார், லென்ஸ் மேல ஏதோ படலம் ஒட்டியிருக்கே. இதை உரிக்கலையா?"

"அது கம்பெனிலேர்ந்தே ஒட்டி வர்றது டீச்சர். உரிச்சா கீறல் விழுந்துடும்."

"இது இருந்தா எப்படி சார் உள்ள தெரியும்? நீங்க மாட்டிப் பாத்தப்ப தெரிஞ்சுதா?"

பொத்தியார் தரையில் தான் ஒட்டிய மஞ்சள் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இதுவரைக்கும் மாட்டிப் பாக்கலை டீச்சர்" என்றார். "என் தலையில எண்ணெய்."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார் தலைமையாசிரியை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

டீச்சர் படலத்தின் முனையைப் பிடித்தார். பொத்தியார் பதறிப்போய் அவர் கையைத் தடுத்தார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. பொத்தியார் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், கூரையில் தான் தொங்கவிட்ட வயர்களைப் பார்த்தார். பிறகு குடுங்க, நானே உரிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். ஆறு ஹெட்செட், பன்னிரண்டு லென்ஸ், பன்னிரண்டு தடவை 'சர்ர்'. ஒவ்வொரு தடவையும் தன் தோலையே உரிப்பதுபோல முகத்தைச் சுளித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

முதல் பெண் மறுபடியும் மாட்டிக்கொண்டாள். தலையை அண்ணாந்து சுற்றிலும் பார்த்தாள். "டீச்சர், இது கத்திரிக்காய் மாதிரியே இல்ல டீச்சர்" என்றாள். டீச்சர் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். வேர்வை, எண்ணெய், பொடுகு எல்லாம் ஒட்டியது. ஒருவன் சுவரில் போய் மோதினான். பொத்தியார் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பிள்ளைகள் சேர்ந்து அவர் தலையிலேயே ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், ஆள் அசையவில்லை. மணி அடித்தது, அடுத்த வகுப்பு வந்து நின்றது, மனிதர் கழற்றுகிற வழியாக இல்லை. "ஒரு நிமிஷம், இப்பதான் வால்வுகிட்ட வந்திருக்கேன்" என்று கையை நீட்டி யாரையோ விலக்கினார்.

திருந்திவிட்டாரா என்றால், அறை இப்போது தினமும் திறந்திருக்கிறது. ஆனால் உரித்த பன்னிரண்டு படலங்களையும் ஒரு நோட்டில் ஒட்டி, நோட்டுக்கு அட்டை போட்டு, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட் எந்தக் கோலத்தில் இருக்கிறது? பாலிதீன் பைக்குள் ரப்பர் பேண்டு போட்டுத்தானே? விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பீங்கான் கோப்பையில் இதுவரை எந்த விருந்தாளி குடித்தார்? உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையோ காட்டி, தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கும். அப்புறம் என்றிருப்பீர்கள். அது கேட்பதை எப்போது நிறுத்தியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இதை வீட்டில் எல்லோருக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள். இப்போது நேரமில்லை என்றால் அடையாளத்துக்குப் பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள். மடிக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். புத்தகம் கெட்டுப் போய்விடுமே.