சாக மறுத்த பிரபு

பிவா ஏரிக்கு மேலிருந்த குன்றில் அன்று காலை கூடியிருந்தவர்கள்: கறுப்புக் கண்ணாடியும் மடக்கு நாற்காலியுமாக டைரக்டர் உட்சுகி. பாதி ஆயுளை அடுத்தவர் படத்துக்கு ஓடியே தேய்த்துவிட்ட முதல் உதவி டைரக்டர் நெகோரோ. அகநுமா பிரபுவாக நடிக்கும் பெரியவர் தொகிவா, கவசத்துக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு. அவரை வெட்டிச் சாய்க்க வேண்டிய வீரனாக, பாட்டுக் குழுவிலிருந்து பிடித்து வந்த ஹயாசே. அவனுடைய மேனேஜர் ஒகிட்சு மேடம், கைக்கொன்றாக இரண்டு போனுடன். சண்டை மாஸ்டர் சகுமா. வெட்டுப்பட்டு விழுவதற்கென்றே கியோத்தோவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு கூட்டம். தீயணைப்பு வண்டிகள். மரத்தாலும் அட்டையாலும் சாயத்தாலும் எழுப்பிய ஒரு கோட்டை.

வராதவர் தயாரிப்பாளர். அவர் தோக்கியோவில் விளம்பரக் கம்பெனிக்காரர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தார்.

கோட்டை இன்று எரிய வேண்டும். தீயணைப்புத் துறை அனுமதி இன்று ஒரு நாளுக்குத்தான். ஒரே கோட்டை, ஒரே நெருப்பு. முற்றத்தில் ஹயாசே வெட்ட, தொகிவா தள்ளாடியபடி எரியும் கோட்டைக்குள் போய் மடிய, படம் முடியும்.

அது முடிந்தால் நெகோரோவின் வாழ்க்கை தொடங்கும். இதே படத்தின் இரண்டாம் பாகத்தை அவன்தான் இயக்கப்போகிறான் என்று தயாரிப்பாளர் போன வாரம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "கடைசிக் காட்சியை ஒழுங்கா முடிச்சுக் குடு. ரெண்டாவது படம் உன்னுது." கதை இன்னும் தயாராகவில்லை என்றார்கள். கதை யாருக்கு வேண்டும்? டைரக்டர் நாற்காலி வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்ட உட்சுகி, "ம்," என்றார்.

உட்சுகி எதற்கும் 'ம்'தான். பேசிப் பல வருஷமாயிற்று. பேசாததால் மேதை என்று பெயர். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்பது மரியாதை இல்லை. கேட்கிறவன் மடையன். முகத்தைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, அந்த இடத்துக் காற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் நெகோரோவை மிஞ்ச ஆளில்லை. ஏறி முடிகிற 'ம்', இறங்கி முடிகிற 'ம்', மூக்கால் வருகிற 'ம்' எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனுக்கென்று இருந்த ஒரே படிப்பு அது.

கேமராக்கள் தயாரானதும் தொகிவா தன் உதவியாளரை அனுப்பினார். பெரியவர் சாக மாட்டாராம்.

நெகோரோ ஓடினான். குனிந்து வணங்கினான்.

"ஐயா, என்ன இது? கதையிலயே இருக்கே."

"கதையில ஆயிரம் இருக்கும்யா. நான் கத்தி பிடிச்ச நாளா, எந்தப் படத்துலயும் எவனும் என்னை வெட்டினது கிடையாது. தெரியும்ல? பற்பசை விளம்பரத்துல ஆடுற பய வெட்டி நான் சாகணுமா?"

"கையெழுத்துப் போடும்போது..."

"அப்போ நல்ல நடிகனா போடுவீங்கனு நெனச்சேன்."

நெகோரோ டைரக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். உட்சுகி கோட்டையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். "ம்," என்றார்.

இறங்கி முடிகிற 'ம்'. நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். அடுத்த டைரக்டருக்கு வைக்கிற பரீட்சை! நெகோரோவுக்குப் புல்லரித்தது.

அவன் மறுபடி தொகிவாவிடம் ஓடினான். "ஐயா, யாரும் உங்களை வெட்ட வேணாம். தோத்துட்டோம்னு தெரிஞ்சதும் நீங்களே வயித்தைக் கிழிச்சுக்கறீங்க. பிரபுவுக்கேத்த சாவு."

தொகிவாவின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பேச நாலு வரி எழுது. நாலு பத்தாது, ஒரு பக்கமா எழுது."

வயிற்றைக் கிழித்துக்கொள்கிறவருக்குப் பின்னால் ஒருவன் நின்று தலையைச் சீவ வேண்டும். அதுதான் முறை. அதை ஹயாசே செய்வது என்று முடிவானது. முடிவானதும் ஒகிட்சு மேடம் வந்தார்.

"என்னங்க நெகோரோ, எங்க தம்பி கிழவன் தலையை வெட்டணுமாமே?"

"அது மரியாதைக்குச் செய்யறதுங்க மேடம். வலி தெரியாம..."

"மரியாதையோ மண்ணாங்கட்டியோ. வர்ற மாசம் குழந்தைங்க பால் விளம்பரத்துல அவன் வர்றான். தலை உருள்ற பக்கத்துல அவன் முகம் இருக்கக் கூடாது."

"சண்டையில வெட்டலாம், இதுல வெட்டக் கூடாதா?"

"சண்டைல வெட்டினா வீரம். உக்காந்திருக்கிற கிழவனை வெட்டினா என்ன பேரு? நீங்களே சொல்லுங்க."

கிழவன் என்ற சொல் காற்றில் போய் தொகிவாவின் காதில் விழுந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். அதை மறுபடி தலையில் ஏற்ற நெகோரோ மண்ணில் நெற்றி பட விழ வேண்டியிருந்தது.

"சகுமா மாஸ்டர் வெட்டட்டுமே," என்றான் எழுந்துகொண்டே.

"பேர் இல்லாதவன் கையால என் தலை விழாது," என்றார் தொகிவா.

"எனக்கும் ஒண்ணும் ஆசையில்ல," என்றான் சகுமா. "கழுத்து எங்க ஆரம்பிக்குதுனே தெரியல."

நெகோரோ மறுபடி டைரக்டரிடம் போனான். யாரும் வெட்ட வேண்டாம். பிரபு தானாகவே நெருப்புக்குள் நடந்து போகட்டும் என்றான். "ம்," என்றார் உட்சுகி. இந்த முறை ஏறி முடிந்தது. பரவாயில்லை, இன்னும் யோசி என்று அர்த்தம்.

அதற்குள் மேடம் வழிமறித்தார். "கிழவர் தானா போய் செத்தா, எங்க தம்பி அங்க என்ன பண்ணுவான்? வேடிக்கை பார்ப்பானா? படம் பூரா வாளைத் தூக்கிக்கிட்டு ஓடினது இதுக்கா?"

"சோகமா பார்ப்பாருங்க."

"சோகம் அவனுக்கு வராது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஹயாசேக்கு இரண்டு முகபாவம் வரும். ஒன்று சிரிப்பு. இன்னொன்று சிரிப்பை நிறுத்தியது.

"சரி, அவர் நெருப்புக்குள்ள பாய்ஞ்சு பிரபுவைக் காப்பாத்தறார். தோள்ல போட்டுத் தூக்கிட்டு வர்றார். எதிரியையே காப்பாத்தற பெருந்தன்மை."

"அது!" என்றார் மேடம். "பாலுக்கும் பொருந்தும்."

தொகிவாவுக்கும் பிடித்திருந்தது. சாகவே வேண்டாம் அல்லவா? ஒத்திகை வைத்தார்கள். ஹயாசே பெரியவரின் இடுப்பைப் பிடித்தான். தம் கட்டினான். கவசம் கிறீச்சிட்டது. பெரியவர் அசையவில்லை, ஹயாசேயின் முதுகில்தான் ஏதோ மளுக்கென்றது.

"அம்மா!"

"முதுகா? முதுகா?" மேடம் இரண்டு போனையும் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை அவன் ஆடணும்! உங்க எல்லார் மேலயும் கேஸ் போடுவேன்!"

"பொம்மையைத் தூக்கச் சொல்லுங்க," என்றார் தொகிவா, ஆனந்தமாக. "ஒண்ணு பண்ணலாம். நான் அவனைத் தூக்கிட்டு வர்றேன்."

"செத்தாலும் நடக்காது!" என்றார் மேடம்.

"சாகறதுதான் இல்லைனு ஆயிடுச்சே," என்றான் சகுமா.

மதியச் சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. விழுந்து சாகக் காத்திருந்த கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டது. நெகோரோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த முடிவை யோசித்தான். அப்போது உட்சுகி தன் பெட்டியிலிருந்த விலாங்கு மீன் துண்டை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், நெகோரோவின் சோற்றின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

நெகோரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்சுகி யாருக்கும் ஊறுகாய்த் துண்டுகூடக் கொடுத்தவரில்லை.

"பாத்தீங்களா மாஸ்டர்?" என்றான் சகுமாவிடம். "நான் போற வழி சரின்னு சொல்றாரு."

"மீன் சொல்லுச்சா?"

"உங்களுக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணுதான் புரியுது. வாய் தொறந்து கேட்டா ஒரு நிமிஷத்துல முடியற வேலை. போய்க் கேளேன்."

"அவர்கிட்டயா? என்னன்னு?"

"சார், உங்க காட்சியை நாசம் பண்ணட்டுமானு."

"அது அவரோட படம். அவரே நாசம் பண்ண விடுவாரா?"

"அவருக்கென்னய்யா? எப்படி முடிஞ்சாலும் மேதைம்பானுங்க. வெளிநாட்டு விழாவுல எவனாவது தாடிக்காரன் எழுந்து நின்னு கை தட்டுவான்."

நெகோரோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பத் தொடங்கியிருந்தது. தீயணைப்பு அதிகாரி வந்து தலை குனிந்து, இப்போது பற்ற வைத்தால் உண்டு, காற்று வலுத்தால் அனுமதி ரத்து என்று மிகப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுக்கு மேல் பேச்சில்லை.

நெகோரோ கடைசி ஏற்பாட்டைச் செய்தான். யாரும் யாரையும் வெட்ட வேண்டாம், தூக்க வேண்டாம். கோட்டை பின்னால் எரியும். பிரபுவும் வீரனும் வாசலிலிருந்து சேர்ந்தாற்போல் நடந்து வருவார்கள். யார் முன்னே என்பதில் ஒரு தகராறு வந்தது. செருப்பு நுனியும் செருப்பு நுனியும் ஒரே கோட்டில் இருக்கும்படி சகுமா தரையில் கயிறு கட்டினான். முற்றத்தில் இருவரும் நின்று, ஒருவரையொருவர் குனிந்து வணங்க வேண்டும். அதிலும் யார் கூடுதலாகக் குனிவது என்று வந்தது. இருவர் முதுகும் பலகை வைத்து அளக்கப்பட்டது. ஹயாசேயால் எப்படியும் அதற்கு மேல் குனிய முடியாது.

"போர்க்களம் மாதிரியா இருக்கு?" என்றான் சகுமா. "கல்யாணத்துக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு வர்ற மாதிரி இருக்கு."

நெகோரோ டைரக்டர் முன்னால் நின்றான். "சார், ரெண்டு பேரும் உயிரோட வெளிய வர்றாங்க. பிரபு சாகறதில்ல. இதான் முடிவு. எடுத்துடட்டுமா?"

உட்சுகி கண்ணாடியைக் கழற்றினார். நெகோரோவை வெகு நேரம் பார்த்தார்.

"ம்," என்றார்.

நீளமான, கனிந்த, அடிவயிற்றிலிருந்து வந்த 'ம்'. இத்தனை வருஷத்தில் நெகோரோ இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

பற்ற வைத்தார்கள். அட்டைக் கோட்டை பெரிய மனிதர்களின் கௌரவம்போல, வெளியே கம்பீரமாகவும் உள்ளே ஒன்றுமில்லாமலும், சடசடவென்று எரிந்தது. எல்லாக் கேமராக்களும் ஓடின. தொகிவாவும் ஹயாசேயும் கயிற்றில் கால் வைத்து நடந்து வந்தார்கள். வணங்கினார்கள். நிமிரும்போது ஹயாசேக்கு முதுகு பிடித்துக்கொண்டு முகம் கோணியது. அதுவரை படத்தில் அவன் காட்டிய ஒரே நடிப்பு அது. பின்னால் கூரை இடிந்து விழுந்தது. செத்து விழ வந்த கூட்டம், வேறு வேலையில்லாமல், கை தட்டியது.

சாம்பல் பறந்துகொண்டிருக்கும்போதே உட்சுகி எழுந்தார். நெகோரோவின் கையைப் பிடித்தார்.

"நல்லா முடிச்சே, நெகோரோ. இனிமே உன் பாடு."

முழு வாக்கியம்! அதுவும் இரண்டு! நெகோரோ இடுப்பு ஒடியக் குனிந்தான். அவன் நிமிர்ந்தபோது உட்சுகி தன் தகரக் கொட்டகை அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

கதை இலாகாவிலிருந்து குமே என்ற பெண் அப்போதுதான் காரில் வந்து இறங்கினாள். வேலை முடிந்த நடிகர்களுக்குக் கொடுக்கும் பூங்கொத்துகள் அவள் கை நிறைய இருந்தன.

"வாழ்த்துகள் சார்! நாளைலருந்து உங்களை டைரக்டர்னு கூப்பிடணும். பெரியவர் சாவு எப்படி வந்திருக்கு?"

"சாவா? அதெல்லாம் மாத்திட்டேன்மா. அதோ, மோச்சிக் கொழுக்கட்டை தின்னுட்டு உக்காந்திருக்காரு பாரு. படத்துல ஜம்முனு உயிரோட நடந்து வர்றாரு."

குமேயின் கையிலிருந்து ஒரு பூங்கொத்து நழுவியது. அவள் சாம்பல் மேட்டைப் பார்த்தாள். மோச்சியைப் பார்த்தாள்.

"கோட்டையில வெந்து செத்த பிரபு பேயா வர்றதுதானே சார் ரெண்டாவது படம், அந்த யோசனையைச் சொன்னதே உட்சுகி சார்தானே, நெகோரோகிட்ட நானே சொல்லிடறேன்னு நேத்து அவ்வளவு பேசினாரே!"

நெகோரோ திரும்பினான். உட்சுகி உள்ளே போய்விட்டிருந்தார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.