வெறுங்கோப்பை திரும்பக் கூடாது

முன்வீட்டு அஸீஸா கொடுத்த கண்ணாடிக் கோப்பை கை இரண்டையும் சுட்டது. ஹியூபேட் அதைச் சமையலறை மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். கோழிப் புரியாணி. மேலே அவித்த முட்டை இரண்டு. நேரம் பதினொன்றே முக்கால். டீச்சராக இருக்கும் மனைவி மரியகொறற்றி பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவாள்.

மூடியை மூடினான். திரும்பத் திறந்து ஒரு தடவை மணந்து பார்த்தான். மறுபடி மூடினான்.

சாப்பிட முடியாது. விருப்பம் இல்லாமல் அல்ல, இடம் இல்லாமல்.

பதினொரு நாளுக்கு முன் அவனுக்கு எடை குறைக்கும் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒருவருடைய இரைப்பை ஒன்றரை லீற்றர் வரை பிடிக்கும் ஒரு பை. வைத்தியர் வயிற்றில் ஐந்து சிறு துளை போட்டு, ஒன்றால் கமராவையும் மற்றவற்றால் கருவிகளையும் உள்ளே விட்டு, அந்தப் பையில் முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிட்டார். தைப்பதற்கு ஊசி நூல் இல்லை. கந்தோரில் கடதாசி அடிக்கிற ஸ்ரேப்ளருக்குத் தூரத்து உறவான ஒரு கருவி. வெட்டின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கம்பி அடித்துக்கொண்டே நடுவால் வெட்டியும் கொண்டு போகும். மிஞ்சுவது வாழைப்பழம் அளவில் ஒரு குழாய்.

"என்ன வாழைப்பழம் டொக்டர்? கோழிக்கூட்டா, ஆனமாலுவா?" என்று ஹியூபேட் கேட்டிருந்தான்.

"ஆனமாலு எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ," என்று பெரிய இனத்தையே விட்டுக்கொடுத்தார் வைத்தியர், இரக்கத்தோடு.

வெட்டின இடம் ஆறுகிற வரைக்கும் தண்ணீர்ச் சாப்பாடுதான். மருந்து குடிக்கிற குட்டிக் கோப்பையால் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பருப்புத் தண்ணி, வடித்த சூப், கஞ்சித் தெளிவு. அவசரப்பட்டுச் சோறு உள்ளே போனால் கம்பி அடித்த கோட்டில் கசியத் தொடங்கிவிடும். பசியைக் கிளப்பும் சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் ஊறுகிறதாம். அதனால் அவனுக்குப் பசியே இல்லை. ஆனால் மூக்கை யாரும் வெட்டவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய தொடர்மாடியில் இருந்த எல்லோருக்கும் ஹியூபேட் சொல்லி வைத்தது, தனக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் என்று. 'வாயைக் கட்ட ஏலாமல் வயிற்றை வெட்டினவன்' என்று ஒரு பேர் வந்தால் அது நாலு மாடிக்கும் ஒரே நாளில் ஏறிவிடும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் கதை வேலை செய்யும்.

ஆக, ஹேர்னியா நோயாளி நன்றாகச் சாப்பிட்டுத் தேற வேண்டும் என்று முன்வீட்டு அஸீஸா புரியாணி கொண்டுவருகிறாள். இதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் மரியகொறற்றியின் கண்ணில் அது படக்கூடாது. இதற்கு முன் இரண்டு தடவை அவன் உணவுக்கட்டுப்பாடு இருந்து, இரண்டு தடவையும் களவில் பிடிபட்டவன். கடைசித் தடவை கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி மிளகாய் முறுக்கு. ஒப்பரேஷனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவள் அவனைக் கொச்சிக்கடைக் கோயிலுக்கு அழைத்துப்போய், புனித அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் விட்டுச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இந்த முறையும் களவாச் சாப்பிட்டீங்கள் எண்டா நான் சண்டை பிடிக்க மாட்டன்," என்றாள் வெளியே வரும்போது.

"பிறகு?"

"நம்ப மாட்டன். இனி உங்கட ஒரு சொல்லையும் நம்ப மாட்டன். அவ்வளவுதான்."

நூற்று நாற்பத்தொரு கிலோ மனிதன் அன்று முதல் தடவையாகப் பயந்தான்.

வீட்டில் புரியாணிக் கோப்பை ஒன்று இருந்தால், அவன் சாப்பிடவில்லை என்று எந்த அந்தோனியார் வந்து சாட்சி சொல்வார்?

ஹியூபேட் இருபத்தாறு வருடமாகத் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க், வந்து இறங்கும் சாமானுக்குக் கணக்குப் பார்ப்பவன். கொழும்புக்கு வந்து இறங்கும் கொள்கலன்களில் பெரும்பாலானவை இந்த நாட்டுக்குள் வருவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கப்பலில் இருந்து இறங்கும், முற்றத்தில் கொஞ்சம் நிற்கும், இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். நாடு வெறும் மேசைதான். மேசையில் இருந்த புரியாணியைப் பார்த்தபோது அவனுக்கு வழி தெரிந்துவிட்டது.

புரியாணியைத் தங்கள் வீட்டுக் கோப்பை ஒன்றுக்கு மாற்றினான். பக்கத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி ஏறி ஷெரோமியின் கதவைத் தட்டினான். அவளுடைய புருஷன் ஸ்ரான்லிக்குப் பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம்.

"ஐயோ ஹியூபேட் அண்ணன், ஒப்பரேஷன் செய்த உடம்போட ஏன் படி ஏறுறீங்கள்?"

"கொறற்றி தரச் சொன்னவ. புரியாணி."

ஷெரோமி கோப்பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர் சமைச்சதா? வீட்டிலயா?"

"பின்ன வேற எங்க?"

"இல்ல... சும்மா கேட்டன்." அவள் முகம் ஒரு மாதிரிப் போனது.

இறங்கி வந்து மூச்சு வாங்கியபோது அஸீஸாவின் வெறுங்கோப்பை மேசையில் மின்னியது. இங்கேதான் இரண்டாவது பிரச்சினை தொடங்கியது. அந்தத் தொடர்மாடியில் யாருடைய கோப்பையும் வெறுமையாகத் திரும்பாது. நோன்புக் கஞ்சி வந்த சட்டியில் நத்தார் கேக் போகும், கேக் வந்த தட்டில் பெருநாள் பலகாரம் வரும். கோப்பை தொலையாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அடியில் நகப்பூச்சால் தன் எழுத்தைப் போட்டு வைத்திருப்பாள். சிவப்பு 'அ' அஸீஸா. ஊதா 'ஷெ' ஷெரோமி.

வெறுங்கோப்பையைக் கொடுத்தால் அஸீஸா கோபிப்பாள். கொடுக்காமல் வைத்திருந்தால் கொறற்றி கண்டுபிடிப்பாள். அன்றைக்கு மட்டும் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தான்.

ஆனால் அடுத்த நாள் காலை ஷெரோமியே வந்து நின்றாள். ஊதா எழுத்துக் கோப்பையில் இடியப்பமும் பாரைமீன் குழம்பும்.

"இந்தாங்கோ அண்ணன். வீட்டுக்கு," என்று சொல்லி அவன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

ஹியூபேட்டுக்கு அந்தோனியாரே மீன் அனுப்பிய மாதிரி இருந்தது. இறைச்சி என்றால் ஹலால் பார்க்கும் அஸீஸா வீட்டுக்குக் கொடுக்க முடியாது. மீனுக்கு அந்தத் தடை இல்லை. சிவப்பு எழுத்துக் கோப்பையில் மீனும் இடியப்பமும் ஏறி முன்வீட்டுக்குப் போயின.

"டீச்சர் ஆக்கினதா?" அஸீஸா வாயில் கை வைத்தாள். "அவக்கிப் பைத்தியமா? எங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஆக்குற?"

"அவவுக்குச் சமைக்கிறது விருப்பம் தானே."

"அல்லாவே," என்றாள் அஸீஸா. அடுத்த நாள் காலை அவள் வீட்டில் இருந்து இறைச்சி ரொட்டி பத்து வந்தது.

இப்படித்தான் அது பெருகியது. ரொட்டி மேலே போனது. மேலிருந்து கணவாய்ப் பொரியல் வந்தது. கணவாய் முன்வீட்டுக்குப் போனது. அங்கிருந்து நெய்ச்சோறு வந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் வந்ததைவிடக் கொஞ்சம் கூட. ஹியூபேட் ஒரு நாளைக்கு நாலு தடவை படி ஏறி இறங்கினான். பழைய கப்பல் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் எந்தக் கோப்பை எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டான். ஒரு கரண்டிகூட வாயில் வைக்கவில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த வைத்தியர், "இரண்டு கிழமையில பத்துக் கிலோ. நடக்கிறீங்கள் போல!" என்று தட்டிக் கொடுத்தார். சப்பாத்து லேஸைக் குனிந்து கட்டிய அன்று ஹியூபேட் தன் கால்விரல்களைப் பல வருடத்துக்குப் பிறகு சந்தித்தான்.

மரியகொறற்றி மட்டும் சந்தேகப்படுவதாக அவனுக்குப் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் நேரே சமையலறைக்குப் போவாள். மூக்கை உறிஞ்சுவாள். ஒவ்வொரு சட்டி மூடியாகத் திறந்து பார்ப்பாள்.

"நெய்ச்சோறு மணக்குதப்பா."

"அஸீஸா வீட்டு யன்னல் திறந்து கிடக்குது."

"ம்." அவள் அந்த யன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு மூடியைத் திரும்ப மூடுவாள். அதில் ஒரு பெருமூச்சு இருக்கும்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்பான்.

"பள்ளிக்கூடத்தில சாப்பிட்டனான்."

அவன் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்த அடுப்பில் ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை. அவனுடைய பருப்புத் தண்ணி மட்டும் கொதித்தது. பின்னேரங்களில் குளியலறைக்குள் இருந்து கறுக் கறுக் என்று ஒரு சத்தம் கேட்கும். குழாயில் ஏதோ பிழை என்று ஹியூபேட் ஒரு தடவை திருகாணியை இறுக்கியும் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை அஸீஸா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் அவித்து, மேலே கஜுப் பருப்பைப் பூப்போல அடுக்கியிருந்தாள். நடுங்கிக்கொண்டு நின்ற அதன் அழகைப் பார்த்து ஹியூபேட் கோப்பைக்கு முன்னால் ஐந்து நிமிடம் கை கட்டி நின்றான். பிறகு ஷெரோமியின் ஊதா எழுத்துக் கோப்பையை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினான். உடையாமல் இறங்கியது. இருபத்தாறு வருட அனுபவம்.

மேலே போனால் ஷெரோமியின் கதவில் பூட்டு. செவ்வாய்க்கிழமை! அந்தோனியார் நவநாள் பூசைக்குக் கொச்சிக்கடைக்குப் போயிருப்பாள். திரும்பி இறங்கி வந்தான். கீழே இருந்து மரியகொறற்றியின் செருப்புச் சத்தம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒன்றே கால்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிட்டது போல.

யோசிக்க நேரம் இல்லை. முன்வீட்டு மணியை அடித்தான். அஸீஸா கதவைத் திறந்ததும் கோப்பையை அவள் கையில் திணித்தான். "கொறற்றி தந்தவ!" என்றான். தன் வீட்டுக்குள் பாய்ந்து, மருந்துக் கோப்பையில் கஞ்சித் தெளிவை ஊற்றி, கதிரையில் உட்கார்ந்தான்.

மரியகொறற்றி உள்ளே வந்து கைப்பையை வைத்தாள். "ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

"குடிக்கிறன் தானே."

அப்போது கதவு தட்டப்பட்டது. அஸீஸா நின்றாள். கையில் கோப்பையும் கரண்டியும். பின்னால் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவள் புருஷன் மக்கீன், வாயே திறக்காத மனிதர். படியில் நவநாள் முடித்து வந்த ஷெரோமி, மெழுகுதிரி மணத்தோடு.

"டீச்சர், எனக்கி வெளங்கல்ல," என்றாள் அஸீஸா. "ஒரு கரண்டி அள்ளினேன். கஜு அடியில இரிக்கி. நான் மேல வச்ச கஜு! என்ட வட்டிலப்பம் புடிக்கல்லேண்டா சொல்லி இரிக்கலாமே. ஏன் கவுத்துத் தந்தீங்க?"

"என்ன வட்டிலப்பம்?" என்றாள் மரியகொறற்றி.

"அது என்ர கோப்பை!" என்றாள் ஷெரோமி அடியைப் பார்த்து.

"ஒங்கட கோப்பையில என்ட வட்டிலப்பமா?"

"அப்ப எனக்கு வந்த புரியாணி டீச்சர் சமைச்சதில்லையா?"

"எந்த புரியாணி? நான் ஆக்கினதா?" என்றாள் அஸீஸா. "அப்ப எனக்கி வந்த மீன்?"

"அது என்ர மனுசன் பேலியகொடையில இருந்து கொண்டந்தது!"

எல்லாக் கண்களும் ஹியூபேட்டிடம் வந்து நின்றன. அதில் ஒரு சோடி மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மரியகொறற்றியின் சோடி.

"புரியாணி வந்ததா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "மீன்? வட்டிலப்பம்? இவ்வளவும் இந்த வீட்டுக்குள்ள வந்ததா?"

ஹியூபேட் எழுந்து நின்றான். இனி மானத்தைப் பார்த்தால் மனைவியின் நம்பிக்கை போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

"கொறற்றி, அந்தோனியார் அறிய, ஒரு பருக்கைகூட நான் தின்னேல்ல. இந்தா." கப்பல் பட்டியலை எடுத்து நீட்டினான். "வந்தது, போனது எல்லாம் எழுதி இருக்கு. கண்டா நீ நம்ப மாட்டாய் எண்டு எல்லாத்தையும் கைமாத்தினன்." பிறகு அயலவர் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னான். "எனக்கு ஹேர்னியா இல்ல. மெலியிறதுக்கு வயித்தை வெட்டினது. ஒரு வாழைப்பழம் அளவுதான் மிச்சம். நீங்கள் அன்பாத் தந்ததை என்னால சாப்பிட ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. நாலு மாடியும் சிரிக்கட்டும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ஆச்சரியப்படவும் இல்லை. அஸீஸா ஷெரோமியைப் பார்த்தாள். ஷெரோமி தரையைப் பார்த்தாள். மரியகொறற்றி கைப்பைக்குள் இருந்து பாதி முடிந்த கிறீம் கிறேக்கர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். இந்த இரண்டு கிழமையில் அவளுடைய ரவிக்கை தோளில் தொங்கத் தொடங்கியிருந்ததை ஹியூபேட் அப்போதுதான் கண்டான்.

மக்கீன் தொண்டையைச் செருமினார்.

"ஒங்கட வயித்துக் கத எங்களுக்கு மொத நாளே தெரியும், மச்சான். நீங்க மணத்துக்கு ஏங்குவீங்கண்டு டீச்சர் ஊட்டுல சமைக்காம பிஸ்கட் திண்டுட்டு இரிக்கிறாண்டு இவங்க அவக்கித்தான் அனுப்பின. இருவத்தாறு வருஷம் வார்ஃப் கிளார்க்கு, சாமான் ஆருட பேருக்கு வந்திரிக்கிண்டு ஒரு நாளாச்சும் பாக்க வாணாமா?"