மருந்தெடுத்த சாமியார்

அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தெருவே தறியை விட்டு எழுந்து ஓடியது. வாலாஜாபாத் பஞ்சாட்சர சாமியார் வந்துவிட்டார்! எவரோ தின்பண்டத்தில் கலந்து கொடுத்து வயிற்றில் தங்கிவிட்ட இடுமருந்தைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. காணிக்கை ஒரு பட்டுச்சேலை மட்டும், அம்மனுக்குச் சாத்தவாம். அந்த அம்மன் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பக்தர்களாயிற்றே!

நெசவாளர் மாணிக்கவாசகத்தின் மகள் ஏலவார்குழலியை நடுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கொஞ்சம் தாட்டி" என்று சொல்லிப் போனார்கள். பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை. அன்றிலிருந்து தட்டைக் கண்டாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு வாய் உள்ளே போனால் திருடியதுபோல் கூசும். தலைவலி என்பாள், விரதம் என்பாள். அம்மா தில்லையம்மாள் எதிரே உட்கார்ந்து காவல் காத்தால், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் துப்புவாள். இது யாருக்கும் தெரியாது; பெண் துரும்பாய் இளைத்தது மட்டும் தெரிந்தது.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: மருந்து வைத்தவள் எதிர்வீட்டு அங்கம்மாள். பொங்கலுக்கு அதிரசம் கொடுத்தாளே, வேறென்ன சாட்சி வேண்டும்?

"தண்ணி குடிங்க சாமி," தில்லையம்மாள் சொம்பை நீட்டினாள்.

சாமியார் தலையை ஆட்டினார். "விழதம்."

விரதமாம். ஏலவார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தலையாட்டல் அவளுடையது. அந்த விரதம் அவளுடையது. அந்த இடது கன்னத்துப் புடைப்பும்!

சொன்னால் தன் குட்டும் உடையும். வாசலில் அங்கம்மாள் அழுதுகொண்டு நின்றாள்.

"சாமி, மொதல்ல வாயத் தொறங்க."

"இன்னாம்மா பேசுற?" அப்பா பதறினார்.

"கன்னத்துல ஒளிச்சு வெச்சிருக்காருப்பா. நானும் தெனம் சோத்த அங்க வெச்சுக்கினு போய்த்தான் துப்புறேன்."

கூட்டம் வாயடைத்துப்போனது. சாமியார் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்.

அங்கம்மாள் உள்ளே வந்து சொம்பை வாங்கினாள். "கொப்பளிச்சுத் துப்பு சாமி. ஒண்ணும் இல்லேன்னா நான் ஊர வுட்டே போயிடறேன்."

சாமியார் பின்னால் நகர்ந்தார், படியில் இடறினார், "ஐயோ!" என்றார். காணிக்கை இல்லாமலே மருந்து வெளியே வந்தது: மயிர் சுற்றிய மெழுகு உருண்டை.

தில்லையம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா சொல்லல?"

"சோத்தப் பாத்தா பயமா இருக்குதும்மா. நீங்க பாத்துக்கினே இருந்தா இன்னும் பயம்."

மறுநாள் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குணமாக மாதங்கள் பிடித்தன. அம்மா காவலை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டபடி வேறு கதை பேசினாள்.

ஆறு மாதமாக ஊர் குறி கேட்டது, ஜாதகம் பார்த்தது. "உனக்கு என்னம்மா பயம்?" என்று அவளை மட்டும் கேட்கவில்லை. கேட்பதற்கு மந்திரம் வேண்டாம் ஐயா; கொஞ்சம் மூளை போதும்.