மஞ்சள் சட்டை மாப்பிள்ளை

பாசத்துக்குரிய தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தையல் மிஷினும் நலம், மிஷினுக்கு மட்டும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அங்கு நீயும் மச்சானும் உன் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

பந்தயக் குதிரை ஓட்டுகிற பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா, நீ நேரில் போய் அவனைப் பார்த்துச் சொன்னால்தான் அவர்களுக்குப் பதில் சொல்வேன், அவளும் மாமா சொன்னால் சரி என்கிறாள் என்று எழுதியிருந்தாய். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இவ்வளவு பெரிய காகிதம் எடுத்திருக்கிறேன்.

பையனை நான் முன்னே பின்னே பார்த்தது கிடையாது. நீ அனுப்பிய போட்டோவில் குதிரையின் முகம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. அதனால் அவன் அப்பாவுக்குப் போன் போட்டு அடையாளம் கேட்டேன். "முதல் ரேஸ்ல மஞ்சள் சட்டை, சிவப்புக் கை போட்டிருப்பான், சுலபமா கண்டுபிடிச்சிரலாம்" என்றார். "மஞ்சள் சட்டை ஒண்ணு போதுங்க, துணிய வெச்சே ஆள எடை போட்டுருவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்கே தெரியும், இந்த ஊரில் பெரிய மனுஷன் என்று சொல்லிக்கொள்கிற அத்தனை பேரும் என் அளவுநாடாவுக்குள் நின்று போனவர்கள். முகத்தை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தோள்பட்டைத் தையல் பொய் சொல்லாது.

குதிரைப் பந்தய மைதானம் பெரிய இடம் என்பதால் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். ஒரு வக்கீல் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தது, உடம்பில் போட்டு நடந்தால்தான் தையல் படியும் என்பதால் அவருக்கும் நல்லதுதான். கோட்டைப் பார்த்ததும் வாசலில் நின்றவன் சல்யூட் அடித்து, "எந்தக் குதிரை சார் உங்களுது?" என்றான். "இன்னும் முடிவு பண்ணல" என்றேன். உடனே கையைப் பிடிக்காத குறையாக இன்னொரு வாசலுக்கு அனுப்பினான், அங்கே டிக்கெட் வாங்கச் சொன்னார்கள். உள்ளே போனால் ஒரு வட்டத்தில் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன, சுற்றிலும் ஆட்கள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், பார்த்தேன், ஒன்றாவது இன்னொன்றை முந்துகிற வழியாகக் காணோம். பக்கத்தில் கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு நின்றவரிடம், "இதுல யாருங்க ஜெயிச்சது?" என்று கேட்டேன். "சார், இது சும்மா காட்டறதுக்கு. ரேஸு அந்தப் பக்கம்" என்றார். எனக்குத் தெரியாதா என்ன, அவருக்குத் தெரியுமா என்று சோதித்தேன். அதிலிருந்து அவர் என்னோடு ஒட்டிக்கொண்டார். சரியாகச் சொன்னால் தொலைநோக்கி அவரிடம் இருந்ததால் நான் ஒட்டிக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் மஞ்சள் சட்டை காற்றாகப் பறந்து முதலில் வந்தது. எனக்கு அப்படியே மார்பு விரிந்து கோட்டில் ஒரு பொத்தான் தெறித்துவிட்டது. கை மணிக்கட்டில் கச்சிதமாக நிற்கிறது, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை, பையன் தங்கம் என்று மனதுக்குள் சரி சொல்லிவிட்டேன். "அந்த மஞ்சள் சட்டை எப்படிங்க?" என்று தொலைநோக்கிக்காரரைக் கேட்டதற்கு, "அவருக்கென்ன, பெரிய பணக்காரர். ஏகப்பட்ட குதிரை வெச்சிருக்காரு" என்றார். இத்தனை சொத்தை நம்மிடம் ஏன் மறைத்தார்கள் என்று முதல் முள் அங்கேதான் குத்தியது. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தால் ஒருத்தரும் எழவில்லை. அடுத்த ஓட்டம் இருக்கிறதாம். ஜெயித்தது யார் என்று தெரிந்துவிட்ட பிறகு மறுபடி எதற்கு ஓட வேண்டும் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை, கேட்டால் அசிங்கம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டத்திலும் மஞ்சள் சட்டை வந்தது. ஆனால் சட்டைக் கை நான்கு விரல் மேலே ஏறி நின்றது. வியர்வையில் துணி சுருங்கியிருக்கிறது, மட்டமான சரக்கு என்று உடனே கண்டுபிடித்தேன். இந்த முறை எல்லாக் குதிரையும் வந்து சேர்ந்து ஆட்கள் டீ குடிக்கப் போன பிறகு அவன் ஆடி அசைந்து வந்தான். ஒரு தடவை ஜெயித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது பார். மூன்றாவதில் அதே சட்டை தோளிலிருந்து நழுவித் தொளதொளவென்று தொங்கியது. கண்ணெதிரில் ஒரு ஆள் இப்படி இளைத்துப்போனால் அது உடம்பு வியாதியா மனசு வியாதியா என்று நான் குழம்பி உட்கார்ந்திருக்கும்போதே குதிரை ஒரு திமிறு திமிறியது, மஞ்சள் சட்டை பொத்தென்று புல்லில் விழுந்தது.

நம் பெண்ணின் வாழ்க்கை அங்கே புல்லில் கிடக்கும்போது என்னால் உட்கார்ந்திருக்க முடியுமா. தடுத்தவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு, "விடுங்கய்யா, நான் அவருக்கு மாமா" என்று முதலுதவி அறைக்குள் நுழைந்துவிட்டேன். அவன் தோளில் கட்டோடு, முகமெல்லாம் மண்ணோடு படுத்திருந்தான். "பயப்படாதீங்க மாப்பிள்ளை, கை கொஞ்சம் கோணினாலும் நாங்க பொண்ணு குடுப்போம்" என்று பெரிய மனதோடு சொன்னேன். அவன் முழித்தான். எனக்குப் பின்னால் இன்னொரு ஆள் முழித்ததை நான் கவனிக்கவில்லை. அது இடுப்பில் ஒரு குழந்தையோடு ஓடி வந்த ஒரு அம்மாள்.

"யாருங்க நீங்க? எந்தப் பொண்ணு?" என்றாள்.

"என் தங்கச்சி பொண்ணு. இவருக்குத்தான் பேசிட்டிருக்கோம். நீங்க யாரும்மா, அக்காவா?"

"பெஞ்சாதி."

தங்கச்சி, அந்த அறையில் அதற்கப்புறம் நடந்ததை எழுத என் பேனா கூசுகிறது. அவன், "சத்தியமா இந்த ஆள எனக்குத் தெரியாது" என்கிறான். அவள், "தெரியாதவரு எப்படி மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாரு, கோட்டு வேற போட்டு வந்திருக்காரு" என்கிறாள். குழந்தை அழுகிறது. டாக்டர் கட்டுப்போட்ட தோளைப் பிடித்து அவள் ஒரு உலுக்கு உலுக்கினாள் பார், குதிரை தள்ளியபோதுகூட அவன் அப்படிக் கத்தவில்லை. கல்யாணம் ஆகி, கையில் குழந்தையும் இருக்க, நம்மிடம் பெண் கேட்டு வந்த திருட்டுப்பயலை நான் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். போலீஸில் இருக்க வேண்டிய மூளை, தையல் கடையில் கிடக்கிறது.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, "பெஞ்சாதி புள்ளையெல்லாம் பாத்துட்டு வந்துட்டேங்க, இந்தச் சம்பந்தம் ஆகாது" என்றேன். அந்த மனுஷன் நடிப்பைக் கேள். "யாரு புள்ள? எம் மகன் இப்பதான் குளிச்சிட்டு வந்து சாப்பிடறான்" என்றார். "தோள்ல கட்டோடவா குளிச்சாரு?" என்று ஒரே போடாகப் போட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே உன் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அழுதால் அழ விடு, மாமா இதைவிட நல்ல இடமாகப் பார்க்கிறேன் என்று சொல். சட்டை அளவு மாறாத உத்தியோகமாகப் பார்க்கிறேன். மச்சானுக்கு என் அன்பைச் சொல், முட்டிவலிக்கு அவர் மாடிப்படி ஏறாமல் இருக்கட்டும். உன் மகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கடை வாசலில் குள்ளமாக ஒரு பையன் வந்து நின்று, "மாமா, நான்தான்" என்றான். அளவெடுக்க வந்தவன் என்று நாடாவை எடுத்துவிட்டேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தச் சட்டை ஓட்டுகிறவனுடையது இல்லையாம், குதிரையின் சொந்தக்காரருடையதாம். அவருடைய குதிரையில் யார் ஏறினாலும் அதே மஞ்சள் சட்டைதான் போட வேண்டுமாம். "முதல் ரேஸ்ல மட்டும்தான் மாமா அது நான். ரெண்டாவதுல நான் பச்சை. மூணாவதுல எனக்கு ஓட்டமே இல்ல" என்றான். விழுந்தது அவன் கூட்டாளியாம். அந்த வீட்டில் நான் மூட்டிய தீ இன்னும் அணையவில்லையாம், நாளைக்கு நானும் அவனுமாகப் போய் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். "என் மேல கோபமா?" என்று கேட்டேன். "குதிரைகிட்ட ஒதை வாங்கிப் பழக்கம் மாமா" என்றான்.

அப்புறம் போகாமல் நின்றான். "அவங்க என்ன சொல்றாங்க?" என்று உன் மகளைப் பற்றி மெதுவாகக் கேட்டான். "மாமா சொன்னா சரின்னு சொல்றா" என்றேன். "அப்ப மாமா என்ன சொல்றாரு?" என்றான். மிஷினுக்கு மேலே தொங்கும் விளக்கை இழுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண் கூசியும் அவன் முகத்தைத் திருப்பவில்லை, நான் போதும் என்கிற வரை நின்றான்.

அதனால், மேலே எங்கெல்லாம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் வேண்டும் என்று படித்துக்கொள். திருப்பி எழுதக் காகிதம் இல்லை. அவன் என்ன சட்டை போட்டு வந்திருந்தான் என்று உன் மகள் கேட்டால், எனக்குத் தெரியாது, பார்க்கவில்லை என்று சொல்லிவிடு.