வலது மூலைக் கையெழுத்து

குமாஸ்தா கலியமூர்த்தி மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். படத்தின் வலது மூலையில் கையெழுத்து இல்லை.

டில்லி சாணக்யபுரி அரசு விருந்தினர் இல்லத்தின் கூடத்தில் பல வருஷங்களாகத் தொங்கும் படம் அது. குடம் சுமந்த ஒரு பெண். காலமான ஓவியர் வைத்தி வரைந்தது. வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மூலையில் வால் நீட்டிய 'வைத்தி' என்ற கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். மறுநாள் காலை மதிப்பீட்டாளர் வருகிறார், படம் அசலா, என்ன பெறும் என்று சொல்ல.

கீழே சோப்பு வாளி இருந்தது.

"பச்சமுத்து, படத்தைத் தொடச்சியா?"

"ஆமா சார். பெரிய ஆளு வர்றாருன்னீங்களே! பொம்பள எப்படிப் பளிச்சுன்னு ஆயிட்டா பாருங்க!"

பெண் பளிச்சென்றுதான் இருந்தாள். கையெழுத்து மட்டும் கரைந்துவிட்டது.

பச்சைமுத்து தினக்கூலி. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று நம்பி, மனைவி மக்களை ஊரிலிருந்து வரவழைத்து முனிர்காவில் ஓர் அறை பிடித்திருந்தான். மேனேஜர் வேதாந்தத்துக்குத் தெரிந்தால் இன்றே சீட்டுக் கிழிந்துவிடும். கலியமூர்த்தி அவனிடம் மூச்சு விடவில்லை.

"மலைமந்திர் முருகா, பொய்தான். ஆனா ஒரு குடும்பம் பொழைக்கணும்" என்று வேண்டிக்கொண்டு, மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மையும் பிரஷுமாக ஸ்டூலில் ஏறினார்.

கையெழுத்து வாலோடு கச்சிதமாக வந்தது. ஆனால் இன்று பிறந்த குழந்தை போல மினுமினுத்தது. பழசாக்குவதற்காக மேஜையில் மிச்சமிருந்த காபியைத் தொட்டுத் தடவினார். காபியில் சர்க்கரை இருந்தது, எறும்பு வந்தது. மஞ்சள்தூள் தூவினார். எறும்பு போயிற்று, மூலைக்குக் காமாலை வந்தது. அதை மறைக்க நீளமாக ஒரு சாமந்தி மாலை வாங்கிப் போட்டார்.

வேதாந்தம் கூடத்தைக் கடக்கும்போது திடுக்கிட்டு நின்றார்.

"யாருய்யா காலமாயிட்டா?"

"யாருமில்ல சார். நாளைக்குப் பெரியவர் வர்றாரே, ஒரு மரியாதைக்கு..."

"வர்றவருக்கு மரியாதைன்னா அவர் கழுத்துல போடணும்யா!"

அவர் போனதும், புதிதாக வந்து இறங்கிய விருந்தாளி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார்.

"உங்க தாயாரா? அடடா, சின்ன வயசு!"

"ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. மன்னார்குடியில் சௌக்கியமாக இருக்கும் தாயாரை நினைத்துக் கலியமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதிப்பீட்டாளர் கஸ்தூரிரங்கன் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"என்ன சார் இது, திவசமா? ஹடாவோ, ஹடாவோ! எடுங்கோ மாலையை!"

கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு மாலையை எடுத்தார். திறந்து பார்த்தால், மூலை வெறுமையாக இருந்தது. மஞ்சள் இல்லை, காபி இல்லை, கையெழுத்தும் இல்லை.

"கையெழுத்து எங்கய்யா?" வேதாந்தம் அலறினார். "யார் கை வெச்சது?"

வாசலில் பச்சைமுத்து துடைப்பத்தோடு நின்றான்.

"நான்தான் சார். சோப்பு போட்டுத் தொடைக்கும்போது போயிடுச்சு" என்றார் கலியமூர்த்தி.

கஸ்தூரிரங்கன் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அச்சா! வைத்தி எந்தப் படத்துலயும் கையெழுத்துப் போட்டதே இல்லை சார். வித்தவன் எவனோ விலைக்காகப் போட்டிருப்பான். அதான் சோப்புக்கே கரைஞ்சுடுத்து. படம் கரைஞ்சுதோ? கையெழுத்தோட இருந்திருந்தா, போலின்னு எழுதிட்டுப் போயிருப்பேன். இது அசல்!"

வேதாந்தம் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சபாஷ்யா!"

கலியமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய்க்குத் துணை கேட்டால், முருகன் அந்தப் பொய்யையே துடைத்துவிடுவானா?

பச்சைமுத்து மெல்ல அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"பயப்படாதீங்க சார். நேத்து மத்தியானம் நீங்க ஸ்டூல்ல ஏறிப் படத்துல கிறுக்கினதை நான் யார்கிட்டயும் சொல்லல. பிள்ளைகுட்டிக்காரரு, வேலை போயிடுமேன்னு, காலையில மாலையைத் தூக்கிட்டு சோப்பு போட்டுத் தொடச்சுட்டேன்."