என் கெமரா சரித்த மலை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். மறதியும் உண்டு. ஆனால் ஒரு மலையையே சரிய வைத்தவள் என்று தோட்டத்தில் என்னைத்தான் சொல்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது.

குவைத்தில் வேலை செய்யும் என் மகள் கலா ஒரு கெமரா அனுப்பியிருந்தாள். வாசலைப் பார்த்தபடி அதை வெளிச்சுவரில் மாட்ட வேண்டும். அவள் அங்கிருந்தே போனில் என்னைப் பார்த்துக்கொள்வாள்.

"தனியா கெடக்குறீங்கம்மா. கெமராவ மாட்டுங்க. இல்லாட்டி கொழும்புல தம்பி வீட்டுக்குப் போயிருங்க."

அவள் தம்பி, அதாவது என் மகன், இருக்கும் வீடு மாடிக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். பனி உள்ளே வந்து உட்கார இடமில்லை (எனக்கும்தான்).

பக்கத்து வீட்டுச் செல்வியின் புருஷன் சிவா கெமராவைப் போனோடு இணைத்துக் கொடுத்தான். "ஞாயித்துக்கெழம ஹட்டன்ல மெசின் எரவல் வாங்கியாந்து, தொளை போட்டு மாட்டித் தர்றேன் பெரியம்மா," என்றான். அதற்குள் கலா கொழும்புக்கு வண்டி பேசிவிட்டால்? அவனை அவசரப்படுத்தவும் கூச்சம். சனிக்கிழமை காலையில் நானே இறங்கினேன்.

பெட்டியில் கெமராவைத் தாங்குகிற இரும்புக் கை, திருகாணிகள், சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குழல்கள். சுவரில் துளை போட்டுக் குழலைச் செருகி, அதற்குள்தான் ஆணியைத் திருக வேண்டுமாம். நான் குழல்களை ஆணிக்குப் போட்டு வந்த உறை என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். திருகாணியை அம்மிக் குழவியால் அடித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சுவர் பழைய கல்லும் மண்ணும், பொலபொலவென்று கொட்டியது. ஓட்டை பெரிதாயிற்று. காலை ரொட்டிக்குப் பிசைந்த மாவு மீதி இருந்தது. அதை வைத்து அடைத்து, ஆணியை அழுத்தி மாட்டினேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையாக இருந்தது.

மதியம் மழை. பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து, தேயிலையை மூடி, கதவு வழியே உள்ளேயும் வந்தது. நாற்காலியில் சாய்ந்து, அடுப்புப் புகை எது, பனி எது என்று பார்த்துக்கொண்டே கண் சொருகிவிட்டேன்.

கண் திறந்தபோது நாற்காலியோடு மிதந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் வெள்ளை. யாரோ கோழியை அணைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு டீவி யாருடைய தலையிலோ போனது. செத்துவிட்டேன், இது மேலோகத்துக்குப் போகிற வழி என்று முடிவு செய்தேன். டீவியும் கொண்டுபோகலாம் போலிருக்கிறதே என்று ஆறுதல்கூட வந்தது.

பக்கத்தில் செல்வி முகம் தெரிந்தது. "எங்க புள்ள போறோம்?"

"கோயிலுக்கு, பெரியம்மா. எதிர்மலை சாஞ்சுக்கிட்டே வருதாம். கலா அக்கா கெமராவுல பாத்துட்டுப் பதறிப்போய் எங்களுக்குப் போன் போட்டுச் சொன்னாங்க. நீங்க போனையும் எடுக்கலயாம். எழுப்பிக்கிட்டு இருக்க ஏது நேரம்? ஆடாம உக்காருங்க."

கோயில் மண்டபத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, சிவா மட்டும் திரும்பிப் போய்ப் பார்த்து வந்தான். கையில் கெமரா. இரும்புக் கையின் அடியில் ஓர் உருண்டை மாவு.

"மலை நின்ன எடத்துலதான் நிக்குது. மழையில மாவு எளகி, இதுதான் கொஞ்சங் கொஞ்சமா சாஞ்சிருக்கு."

செல்வி மாவைத் தொட்டுப் பார்த்தாள். "உப்பு போட்டீங்களா, பெரியம்மா?"

மண்டபமே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்போது போனை என் காதில் வைத்தார்கள். கலா. போச்சு, கொழும்புதான் என்று நினைத்தேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"கோணலாத்தான் தெரிஞ்சுச்சும்மா, ஆனா பாத்தேன். நீங்க முழிக்கிறதுக்குள்ள நாற்காலியோட தூக்கிட்டு ஓடுனாங்க. கொழும்புல யாரு தூக்குவா? அங்கயே இருங்க."

மறுநாள் சிவா கல்லிலேயே துளைத்து, குப்பையிலிருந்து குழல்களைப் பொறுக்கிச் செருகி, ஆணியை இறுகத் திருகி மாட்டினான். இப்போது மலை நேராக நிற்கிறது. மழை பிடித்தால் மட்டும், "பெரியம்மா, இன்னைக்கு ரொட்டியா, மண்சரிவா?" என்று கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள்.

ஒரு சந்தேகம். அன்று என்னைத் தூக்கியது "நான்தான், நான்தான்" என்று லயத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நாற்காலிக்கு நாலு கால்தானே, அத்தனை பேர் எதைப் பிடித்தார்கள்? நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.